வைஃபை பெட்டியின் புறக்கடைக் கதவு

சென்ற கூலி நாளன்று எங்கள் சங்க அலுவலகத்தில் நான் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. பட்டுவாடா தொடங்கச் சிறிது நேரம் இருந்தது. அங்கத்தினர் சிலர் திண்ணையிலும், சிலர் ஜன்னலோரத்துப் பெஞ்சியிலும் அமர்ந்து பாவு, நூல் விலை, மழை என்று பேசிக்கொண்டிருந்தனர். ஜன்னலுக்கு உட்புறம், பழைய கணக்கேடுகள் அடுக்கிய அலமாரியின் மேல், சங்கத்தின் வைஃபை பெட்டி இருந்தது. அங்கத்தினர் ஒருவரின் மகன், பதினாறு வயதிருக்கும், கம்பிகளின் ஊடே கையை நுழைத்து அப்பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி, அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டைத் தன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டான். "என்ன தம்பி பண்றே?" என்று கேட்டேன். சிறிதும் கூச்சமின்றி, "நெட்டு வேணும்ங்க தாத்தா. பாஸ்வேர்டு அடியிலயே போட்டிருக்குதுங்க" என்றான்.

அச்சீட்டிலிருந்த கடவுச்சொல் பலிக்கவில்லை. எங்கள் காரியதரிசி கவனமுள்ளவர். இரண்டு மாதங்களுக்கு முன்னரே அதை மாற்றி, எழுத்தும் எண்ணும் கலந்த பதினான்கு இடங்கொண்ட புதுச்சொல் ஒன்றை வைத்திருந்தார். பையன் தளரவில்லை. மறுபடி கையை நீட்டிப் பெட்டியின் பின்புறமிருந்த ஒரு சிறு பொத்தானை அழுத்தினான். தன் கைப்பேசியிலும் எதையோ தொட்டான். அது அவனுடைய மாமன் கொடுத்த பழைய கைப்பேசியாம். ஒரு நிமிஷம் செல்லுமுன் இணைப்புக் கிடைத்துவிட்டது. அவன் சினிமாப் பாட்டுக் கேட்கத் தொடங்கினான். நான் உள்ளே சென்று காரியதரிசியிடம் செய்தியைச் சொன்னேன். "பாஸ்வேர்டை மாத்திட்டேனுங்களே!" என்று அவர் திகைத்தார்.

மாற்றியது உண்மைதான். முன்வாசல் பூட்டை மாற்றியவர், புறக்கடையில் இன்னொரு கதவு இருப்பதை அறியார். எங்கள் காரியதரிசி மட்டுமன்று, நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பையன் மீது எனக்குக் கோபம் இல்லை. அவன் திருட வந்தவன் அல்லன். கேட்டிருந்தால் நாங்களே கொடுத்திருப்போம். ஆனால் அவனால் ஒரு நிமிஷத்தில் இயன்றது, திருட வருகிறவனாலும் இயலும் என்பதை நினைக்கையில் மனம் அமைதி கொள்ளவில்லை.

அந்தப் பொத்தானுக்கு டபிள்யூ.பி.எஸ். என்று பெயர். பெட்டியின் பின்புறம் இந்த மூன்று எழுத்துக்களோ, வட்டமாக வளைந்த இரண்டு அம்புக்குறிகளோ இருக்கும். வைஃபை கருவிகளுக்குத் தரச்சான்று வழங்கும் வைஃபை அலையன்ஸ் என்னும் அமைப்பு 2007-ஆம் ஆண்டில் இதனைக் கொண்டுவந்தது. நோக்கம் நல்லது என்றே சொல்ல வேண்டும். அக்காலத்தில் வீட்டுக்காரர்கள் பலர் கடவுச்சொல் வைக்கத் தெரியாமல் பெட்டியைத் திறந்தபடியே விட்டிருந்தனர். நீண்ட சொல்லை அடிக்க வேண்டாமல், பெட்டியில் ஒரு பொத்தானையும் கைப்பேசியில் ஒரு பொத்தானையும் அழுத்தினால் இணைப்புக் கிடைத்துவிடும் என்றால், மக்கள் பூட்டுப் போடத் தயங்கமாட்டார்கள் என்று கருதினர். பொத்தானை அழுத்திய பிறகு 2 நிமிஷ நேரம் வாசல் திறந்திருக்கும். அந்நேரத்தில் எல்லைக்குள் இருக்கும் எந்தக் கருவியும் கடவுச்சொல் கேட்கப்படாமலே உள்ளே வரலாம்.

பொத்தானாவது ஆள் கையால் தொட வேண்டியது. பெட்டியை ஜன்னலோரத்திலிருந்து அகற்றி உள்ளறையில் வைத்தால் ஓரளவு காப்பு உண்டு. அதனினும் பொல்லாதது அதே ஏற்பாட்டின் மற்றொரு பகுதியாகிய எட்டு இலக்க எண். பல பெட்டிகளின் அடியில், கடவுச்சொல்லுக்குக் கீழே, பின் என்று எழுதி எட்டு இலக்கங்கள் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். இவ்வெண்ணைச் சொல்லும் கருவிக்கு, நாம் வைத்திருக்கும் கடவுச்சொல்லைப் பெட்டி தானே எடுத்துக் கொடுத்துவிடும். நாம் நேற்று மாற்றிய சொல்லாயினும் சரி, அது இன்று கையில் கிடைக்கும். கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் தொழிற்சாலையில் ஒட்டிய இந்த எண் மாறுவதில்லை.

எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி எண்களாயிற்றே, அதனை யார் ஊகிக்க முடியும் என்று கேட்கலாம். கணக்கு அப்படித்தான் தோன்றும். ஆயினும் அதனை அமைத்தவர்கள் இரு பிழைகள் செய்துவிட்டனர். முதலாவது, எட்டாவது இலக்கம் முன்னுள்ள ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆகவே ஊகிக்க வேண்டியது ஏழு இலக்கமே. இரண்டாவதுதான் பெரும்பிழை. தவறான எண்ணைச் சொன்னால் "தவறு" என்று மட்டும் பெட்டி சொல்லியிருக்க வேண்டும். அதுவோ, முதல் நான்கு இலக்கம் சரியா தவறா என்பதைத் தனியாகவும், பின்பகுதியைத் தனியாகவும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பாவில் ஓரிழை அறுந்துவிட்டது, எதுவென்று தெரியவில்லை. ஆயிரக்கணக்கான இழைகளையும் ஒவ்வொன்றாய்த் தடவ வேண்டும். ஆனால் எந்தப் பாதியில் அறுந்தது என்று தறியே வாய்திறந்து சொல்லிவிடுமானால் வேலை எவ்வளவு குறையும்! இங்கே குறைவது பாதியளவும் அன்று. முதல் நான்குக்கு 10,000 முயற்சி, அடுத்த மூன்றுக்கு 1,000 முயற்சி, ஆக 11,000 முயற்சிகளுக்குள் எண் அகப்பட்டுவிடும். முயற்சி ஒன்றுக்கு 2 விநாடி என்று வைத்துக்கொண்டாலும் ஆறேகால் மணி நேரத்துக்குள் முழுவதும் முடிந்துவிடும். அதையும் மனிதன் உட்கார்ந்து செய்ய வேண்டுவதில்லை, கணினி செய்யும். இரவுச் சாப்பாடு முடிந்து தறிக்காரர் படுக்கும்போது தொடங்கினால், விடிவதற்குள் காரியம் ஆகிவிடும்.

இக்குறையை ஸ்டெஃபான் ஃபீபக் என்னும் ஆஸ்திரிய ஆராய்ச்சியாளர் 2011 டிசம்பரில் வெளியிட்டார். கிரெய்க் ஹெஃப்னர் என்னும் அமெரிக்கரும் தனியே அதனைக் கண்டிருந்தார். அம்மாத இறுதியிலேயே அமெரிக்காவில் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் கணினி அவசர உதவி மையம் எச்சரிக்கை வெளியிட்டு, டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்து வைப்பதையே மாற்று வழியாகச் சொன்னது. பின்னர்ச் சில உற்பத்தியாளர்கள், பலமுறை தவறான எண் வந்தால் சிறிது நேரம் வாசலை அடைத்துவிடும் ஏற்பாட்டைச் சேர்த்தனர். இனிக் கவலையில்லை என்று எண்ணிய வேளையில், 2014-ல் டொமினிக் பொங்கார் என்பவர் வேறொன்றைக் காட்டினார். சில பெட்டிகளிலுள்ள சிப்புகள் எளிதில் ஊகிக்கத்தக்க எண்களையே இரகசிய எண்களாய்ப் பயன்படுத்துவதால், பலமுறை கதவைத் தட்ட வேண்டியதே இல்லை. ஒருமுறை தட்டி, கிடைத்ததை வைத்துக் கணக்கிட்டாலே எட்டு இலக்கமும் சிறிது நேரத்தில் வந்துவிடும் என்பதே அது. எல்லாப் பெட்டிகளுக்கும் இக்குறை உண்டென்று நான் சொல்லவில்லை. நம் வீட்டுப் பெட்டிக்கு உண்டா இல்லையா என்பதை நம்மால் பார்த்துச் சொல்ல முடியாது, அதுதான் சங்கடம்.

இவ்விஷயத்தை நான் சங்கத்திலே பேசியபோது ஒரு பெரியவர், "நம்ம ஊட்டுல என்னங்க இருக்குது திருடறதுக்கு? கொஞ்சம் நெட்டுப் போனாப் போகட்டும்" என்றார். பலருடைய எண்ணமும் இதுவே. தறியும் நூலும் தவிர வேறு சொத்தில்லாத வீட்டில் இணையத் திருடன் என்ன காண்பான் என்று நினைப்பது இயல்பு. அப்படி நினைப்பவர்களுக்கு 2008-ஆம் ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அவ்வாண்டு ஜூலை 26 அன்று அகமதாபாதில் வரிசையாகக் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிப்பதற்குச் சில நிமிஷங்கள் முன்னர்த் தொலைக்காட்சி நிலையங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து புறப்பட்டது என்று புலனாய்வு செய்த போலீஸார், நவி மும்பையில் ஓர் அடுக்குமாடி வீட்டுக் கதவைத் தட்டினர். அவ்வீட்டில் குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். அவருக்கும் அக்கொடுஞ்செயலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அவருடைய வைஃபை பூட்டின்றித் திறந்து கிடந்தது. எவனோ அருகிலிருந்து அதன் வழியே அனுப்பிவிட்டான். குற்றமற்றவர் என்பது தெளிவதற்குள் அவர் பட்ட விசாரணை கொஞ்சமன்று. அதே ஆண்டு செப்டம்பரில் தில்லியில் குண்டுகள் வெடித்தபோதும் அதே தந்திரம் நடந்தது. அப்போது பயன்பட்டது மும்பை செம்பூரில் ஒரு கம்பெனியின் வைஃபை. 2009 ஜனவரியில் மும்பைப் போலீஸார் கருவியைக் கையில் ஏந்தித் தெருத்தெருவாய்ச் சென்று, பூட்டப்படாத வைஃபை எங்கேயுள்ளது என்று தேடினர். பிப்ரவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறையும், வைஃபை இணைப்புக்களைக் காப்புடன் நடத்த வேண்டுமென்று இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு பிறப்பித்தது.

அந்த அமெரிக்கரின் கதவு திறந்தே கிடந்தது. நம்முடையதோ பூட்டியிருப்பதாக நாம் நம்பும் கதவு. பூட்டவில்லை என்று தெரிந்தவன் ஒருநாள் பூட்டுவான். பூட்டிவிட்டோம் என்று நம்புகிறவன் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலுக்குத்தான் முதலில் ஆள் வரும். தறியை நிறுத்திவிட்டுக் காவல் நிலையத்துக்கும் வக்கீல் வீட்டுக்கும் நடப்பதற்கு நம்மில் யாருக்கு வசதியிருக்கிறது? அந்த அமெரிக்கருக்காவது பின்னே ஒரு கம்பெனி இருந்தது.

நமது பகுதியின் இயல்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம், இராசிபுரம், பள்ளிபாளையம், குமாரபாளையம் முதலிய ஊர்களின் நெசவுத் தெருக்களில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். ஒரு வீட்டில் வைத்த பெட்டியின் அலை இருபுறமும் பல வீடுகளுக்குப் போகிறது. தெருவில் நிற்கும் வண்டிக்கும் போகிறது. தோட்டத்து வீட்டில் தனியே வாழும் குச்சிக்கிழங்கு விவசாயிக்கு இந்த ஆபத்து அவ்வளவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே அலை வரப்பைத் தாண்டுவதற்குள் ஓய்ந்துவிடும். ஆனால் சாலையை ஒட்டிய கோழிப்பண்ணைகளின் நிலைமை வேறு. கொட்டகைக்குக் கொட்டகை காமிரா மாட்டி, வைஃபையில் இணைத்து, நாமக்கல்லிலோ சேலத்திலோ இருந்துகொண்டு பார்க்கிறார்கள். அந்த வைஃபைக்குள் புகுந்தவன் காமிராக்களுக்கும் பக்கத்திலே வந்துவிட்டான்.

நெசவாளருக்கு இன்னொரு சொத்தும் உண்டு. முன்னே ஜக்கார்டு அட்டை அடிப்பவரிடம் மட்டும் இருந்த டிசைன் இன்று கணினியில் இருக்கிறது. புதுக் கரை ஒன்றை யோசித்து, படமாக வரைந்து, கட்டம் போட்டு, பண்டிகைக்கு முன் சந்தைக்கு விட வேண்டுமென்று ஒரு குடும்பம் இரவும் பகலும் உழைக்கிறது. அது பத்து நாள் முன்னதாக வெளியே போய்விட்டால் அவ்வளவும் வீண். டிசைன் திருட்டு நம் தெருக்களுக்குப் புதிதன்று. பெரும்பாலும் அது கூலியாள் வழியாகவோ, பார்த்த கண் வழியாகவோ நடப்பது. வைஃபை வழியாக நடந்தது என்று நான் ஒன்றும் கண்டதில்லை. ஆனால் வீட்டிலுள்ளோர் யாவரும் பார்க்கட்டும் என்று கணினியில் ஒரு கோப்புறையைப் பொதுவாகத் திறந்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அவ்வீட்டு வைஃபைக்குள் வந்தவனுக்கும் அது பொதுவே.

பயமுறுத்துவது என் நோக்கமன்று. மிகைப்படுத்திச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். நம் வைஃபைக்குள் ஒருவன் வந்த மாத்திரத்தில் பாங்குக் கணக்கிலுள்ள பணம் போய்விடாது. பாங்குகளின் செயலிகளும் பண அனுப்பீட்டுச் செயலிகளும் தமக்குள்ளே தனிப் பூட்டு வைத்திருக்கின்றன. வைஃபை பூட்டை அவை நம்பியிருப்பதில்லை. மெய்யான ஆபத்து மூன்றுதான். நம் பெயரில் பிறன் ஒருவன் இணையத்தில் எதையும் செய்யலாம். நம் காமிரா, அச்சுப்பொறி, கணினி ஆகியவற்றை உள்ளிருந்தே துழாவலாம். பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்குத் தொழிற்சாலைக் கடவுச்சொல்லே இன்னும் இருக்குமானால், அதற்குள் நுழைந்து, நாம் ஓரிடத்துக்குப் போக விரும்பும்போது வேறோர் இடத்துக்கு அனுப்பும்படி வழியையே மாற்றிவைக்கலாம். கடைசியாகச் சொன்னது மிகத் தீயது. பெட்டியை யாரேனும் பரிசோதிக்கும் வரையில் வெளியே தெரியாது.

இனி, மறுபக்கத்து வாதத்தையும் கேட்போம். பொத்தானால் சௌகரியம் உண்டு என்பது அவ்வாதம். எழுபது வயதுத் தறிக்காரரோ, ஆங்கில எழுத்துக்கள் பழகாத அவர் மனைவியோ, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்த பதினான்கு இடச் சொல்லைக் கைப்பேசியில் அடிப்பது எளிதா? எளிதன்று. இதனை இகழ்ச்சியாய்ப் பேசும் படித்த இளைஞர்களை நான் கண்டிக்கிறேன். ஆயினும் இன்றைய நிலையில் அந்தச் சௌகரியமே பெரும்பாலும் மறைந்துவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். ஐஃபோன் வகைக் கைப்பேசிகள் டபிள்யூ.பி.எஸ். முறையை என்றுமே ஏற்றுக்கொண்டதில்லை. ஆண்ட்ராய்டு வகையிலும் 2018-ல் வந்த ஒன்பதாம் பதிப்போடு அது அமைப்புப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. சங்கத்துப் பையனுக்கு அது பலித்ததற்குக் காரணம் அவன் கையிலிருந்தது பழைய கைப்பேசி என்பதே. 2018-ல் வைஃபை அலையன்ஸ் அறிமுகப்படுத்திய டபிள்யூ.பி.ஏ. 3 என்னும் புதிய பூட்டு முறையை மட்டும் தெரிந்தெடுத்து வைத்தால், அதனோடு டபிள்யூ.பி.எஸ். சேர்ந்து இயங்குவதில்லை. அதாவது, வாங்கியவர்களில் பலர் பயன்படுத்தவே இயலாத ஒரு கதவு, இன்னும் எத்தனையோ வீடுகளில் திறந்து கிடக்கிறது. அச்சுப்பொறி, டெலிவிஷன் பெட்டி, அலை பெருக்கி முதலியவற்றைச் சேர்ப்பதற்கு மட்டும் இப்பொத்தானைச் சிலர் நாடுகின்றனர். அவற்றையும் ஒருமுறை கடவுச்சொல் அடித்துச் சேர்த்துவிட்டால் பிறகு அடிக்க வேண்டியதில்லை.

முதியோருக்கு இதைவிட நல்ல வழி வந்திருக்கிறது. கடைகளில் பணம் செலுத்த நாம் படம் பிடிக்கிறோமே, அந்தக் கட்டம் போட்ட கியூ.ஆர். சின்னம். 2019-ல் வந்த பத்தாம் பதிப்பு முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், வைஃபையைப் பகிர் என்று தொட்டால் அச்சின்னம் திரையில் வரும். வந்த விருந்தினர் அதனைப் படம் பிடித்தால் இணைப்புக் கிடைக்கும். ஓரெழுத்தும் அடிக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர் காட்டினால்தான் விருந்தினருக்குக் கிடைக்கும் என்பது இதன் சிறப்பு. அதனை அச்சடித்துச் சுவரில் ஒட்ட விரும்புவோர் உட்சுவரில் ஒட்டுக. திண்ணைத் தூணில் ஒட்ட வேண்டா.

அணைக்கும் முறை கடினமன்று. வைஃபையில் சேர்ந்திருக்கும் கைப்பேசியிலோ கணினியிலோ இணைய உலாவியைத் திறந்து, பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் முகவரியை இட வேண்டும். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்றிருக்கும். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அவையும் சீட்டில் இருக்கும். உள்ளே வயர்லெஸ் அல்லது டபிள்யூ.எல்.ஏ.என். என்ற தலைப்பின் கீழ் டபிள்யூ.பி.எஸ். என்று ஒரு வரி உண்டு. அதனை அணைத்து, சேமிக்கும் பொத்தானைத் தொட வேண்டும். சில பெட்டிகளில் பொத்தான் தனி, எண் தனி என இரு வரிகள் இருக்கும். இரண்டையும் அணைக்க வேண்டும். பெட்டியை ஒருமுறை நிறுத்தி இயக்கி, அணைந்ததா என்று மறுபடியும் பார்த்துக்கொள்வது நலம். அணைத்ததாகக் காட்டினாலும் உள்ளே அணையாத பெட்டிகள் முன்னே இருந்தன. அப்படிப்பட்ட பழம்பெட்டிக்குப் புது மென்பொருள் கிடைத்தால் ஏற்றலாம். கிடைக்காவிடில் பெட்டியை மாற்றுவது தவிர வேறு வழியில்லை. அதே பக்கத்திலேயே நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிட வேண்டும். வைஃபை கடவுச்சொல் வேறு, நிர்வாகக் கடவுச்சொல் வேறு. இரண்டும் ஒன்றென்று நினைத்து ஒன்றை மட்டும் மாற்றுவோரே அதிகம்.

இரண்டாவதை மாற்றாததால் விளைந்ததற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். சந்தாதாரர்களின் மோடங்கள் பலவற்றைத் தீநிரல் ஒன்று தாக்கிச் செயலிழக்கச் செய்தது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் வைத்திருந்த மோடங்கள்தாம் அகப்பட்டுக்கொண்டன. கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள் என்று நிறுவனம் சந்தாதாரர்களைக் கேட்டுக்கொண்டது. மாற்ற வேண்டும் என்பதை இணைப்புக் கொடுத்த நாளிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று அன்று நினைத்தவர்களுள் நானும் ஒருவன்.

இங்கேதான் என் அபிப்பிராயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வளவு காரியத்தையும் தனித்தனி வீட்டுக்காரர் தலையில் சுமத்துவது நியாயமன்று. குறை தெரிந்தது 2011-ல். அதன் பிறகும் அவ்வசதியை இயங்கும் நிலையிலேயே வைத்துப் பெட்டிகளைச் செய்து விற்றவர்கள் பெரிய கம்பெனிகள். அப்பெட்டியை வீட்டில் மாட்டி, பச்சை விளக்கு எரிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவர் கேபிள்காரர். சாயம் போகும் நூலைத் தெரிந்தே கொடுத்துவிட்டு, துவைக்கும்போது கவனமாயிருங்கள் என்று சொல்லும் நூல் வியாபாரியை நாம் ஒப்புக்கொள்வோமா? நூலில் வைத்திருக்கும் கண்டிப்பை இதிலும் வைக்க வேண்டும். பெட்டி வரும்போதே இக்கதவு மூடியிருக்க வேண்டும், வேண்டுமென்பவர் திறந்துகொள்ளட்டும். ஒவ்வொருவராய்க் கேட்டால் கேபிள்காரர் சிரிப்பார். நூறு இணைப்பு வைத்திருக்கும் ஒரு தெருவின் சங்கம் கடிதம் எழுதினால் சிரிக்கமாட்டார். தனியே நின்றால் விலையும் கிடைக்காது, மதிப்பும் கிடைக்காது என்பதை நூல் வாங்குவதிலும் கிழங்கு விற்பதிலும் கண்டுதானே நாம் சங்கம் அமைத்தோம்?

சங்க அலுவலகங்களின் பொறுப்பு இன்னும் பெரிது. 2022 ஜூனில் மத்திய அரசு, நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் கணக்கு ஏட்டை விட்டுக் கணினிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கத்தினர் பெயர், ஆதார் எண், கடன், நகை, கூலி யாவும் அதிலிருக்கின்றன. இரும்புப் பெட்டிச் சாவி யார் கையில் இருக்கிறது என்று ஆண்டுதோறும் பொதுப்பேரவையில் கேட்கிறோம். வைஃபை பெட்டி யார் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் சங்கத்தில் நானும் கேட்டதில்லை. ஒரு சிறுவன் கை நீட்டிக் காட்டிய பிறகே கேட்டேன்.

ஒன்றைத் தெளிவாக்கிவிட விரும்புகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்க இணையம் கேட்டால் கொடுப்பது நம் தெருக்களின் நல்வழக்கம். அதனைக் கெடுக்க நான் எழுதவில்லை. கொடுப்பது வேறு, திறந்து கிடப்பது வேறு. பல பெட்டிகளில் விருந்தினருக்கென்று தனி வைஃபை வைக்கும் வசதியிருக்கிறது. அதனைக் கொடுத்தால் பிள்ளைக்குப் படிப்பும் கிடைக்கும், நம் கணினிக்கும் காமிராவுக்கும் அவன் வழி போகாது. இன்னார் வருகிறார் என்று நாம் அறிந்து கொடுத்ததாகவும் இருக்கும்.

எங்கள் நிர்வாகக் குழு இம்மாதம் செய்த ஏற்பாடு சிறியதுதான். அலுவலகப் பெட்டியை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து உள்ளறைச் சுவரில் உயரத்தில் மாட்டினர். டபிள்யூ.பி.எஸ். வசதியைப் பொத்தானும் எண்ணுமாக அணைத்தனர். நிர்வாகக் கடவுச்சொல்லைப் புதிதாக மாற்றி, தாளில் எழுதி உறையிலிட்டு, இரும்புப் பெட்டியில் வைத்தனர். கேபிள்காரருக்குக் கடிதம் போயிருக்கிறது, பதில் வரவில்லை. அதற்கிடையில், விரும்பும் அங்கத்தினர் வீடுகளுக்குப் போய் அணைத்துக் கொடுக்க ஓர் ஆளை நியமித்திருக்கிறார்கள். ஆள் வேறு யாருமில்லை, கம்பிக்குள் கை நீட்டிய அதே பையன்தான். வீட்டுக்காரர் உடனிருக்க, அவர் கையாலேயே புதுக் கடவுச்சொல்லை அடிக்கச் செய்ய வேண்டும், தான் அதைப் பார்க்கவோ எழுதிவைக்கவோ கூடாது என்பது அவனுக்கு இட்ட நிபந்தனை. முதல் வாரத்தில் ஒன்பது வீடுகள் முடித்திருக்கிறான். இரண்டு வீடுகளில் பெட்டி நம்மை உள்ளே விடவில்லை. இணைப்புக் கொடுத்தவரே நிர்வாகக் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறார். அவற்றின் விவரத்தையும் கடிதத்தோடு சேர்த்து அனுப்பியிருக்கிறோம்.

வரும் கூலி நாளன்று பெயர் கொடுக்க விரும்பும் அங்கத்தினர்கள் தங்கள் பெட்டியின் கம்பெனிப் பெயரையும் மாதிரி எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் குறித்து வந்தால் போதும். பெட்டியின் அடிப்பக்கத்தைப் படம் பிடித்துச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட வேண்டா. சென்ற வாரம் மூவர் அப்படிப் போட்டுவிட்டனர். காரியதரிசி அழித்துவிட்டார் எனினும், அம்மூவர் வீட்டுக்கும் பையன் முதலில் போக வேண்டியதாயிற்று.